பழைய காரை ரேஸுக்கு எடுக்கும்போது இன்ஜின் மவுண்டிங்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வீடுகளில் ஷெட்டுக்குள் நின்ற பத்மினி, அம்பாசடர், எஸ்டீம், மாருதி 800 எல்லாம் இப்போது பேரன்மார் கைக்கு வந்திருக்கின்றன. சிலர் துடைத்து மெருகேற்றிக் கல்யாணத்துக்கு எடுக்கிறார்கள். சிலருக்கு சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிபாளையத்திலோ டிராக்கில் விட்டுப் பார்க்க ஆசை. இந்த இரண்டாவது கோஷ்டி பட்டறைக்கு வந்து கேட்கிற கேள்விகளும், நான் வழக்கமாகச் சொல்கிற பதில்களும் இங்கே.

அண்ணே, மவுண்டிங் என்பது இன்ஜினைத் தாங்கும் ரப்பர்தானே? அதில் என்ன இவ்வளவு பேச்சு?

எடையைத் தாங்குவது அதன் வேலையில் சின்னப் பங்கு. இன்ஜின் சக்கரத்தைத் திருப்பும்போது, அதே அளவு முறுக்கு எதிர்த்திசையில் இன்ஜின் மீதே விழுகிறது. அந்த முறுக்கைப் பிடித்து நிறுத்துவது மவுண்டிங்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்சக்கர டிரைவ் கார், இன்ஜின் தரும் முறுக்கு 100 நியூட்டன் மீட்டர், முதல் கியர் விகிதம் 3.4, ஃபைனல் டிரைவ் (டிஃபரன்ஷியலில் உள்ள கடைசிப் பல்சக்கர விகிதம்) 4.1 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் கிட்டத்தட்ட 1,400 நியூட்டன் மீட்டர். எஸ்டீம், 800 மாதிரி கார்களில் இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாக இருப்பதால் இந்த 1,400 முழுவதும் மவுண்டிங் தலையில்தான் விழும். முறுக்கைப் பிடிக்கிற ரப்பர் 40 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அது ஏறக்குறைய 350 கிலோ எடையை இழுத்துப் பிடிப்பதற்குச் சமம். கிளட்சைப் படக்கென்று விட்டால் அதற்கும் மேலே போகும்.

பத்மினி, அம்பாசடரில் கதை வேறு. டிஃபரன்ஷியல் பின்னால் ஆக்சிலில் தனியாக இருக்கிறது. அங்கே பெருகும் முறுக்கைப் பட்டை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். மவுண்டிங்குக்கு வருவது கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் 340 நியூட்டன் மீட்டர் மட்டும்தான். அதனால்தான் அந்தக் கார்களில் மவுண்டிங் ரப்பர் பல வருஷம் கண்டுகொள்ளாமல் கிடந்தும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

மவுண்டிங் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் ‘டங்’ என்று ஒரு சத்தம் வரும். முன்சக்கர டிரைவ் காரில் கியர் லீவர் தானாக முன்னும் பின்னும் அசையும். டிராக்கில் ஓட்டுகிறவர்கள் சொல்கிற புகார் இன்னொரு மாதிரி இருக்கும்: “வளைவில் மூன்றாவது கியர் விழ மாட்டேன் என்கிறது.” கியர்பாக்ஸைக் கழற்றச் சொல்லி வருவார்கள். பாதிப் பேருக்குக் கியர்பாக்ஸில் ஒன்றும் இருக்காது. இன்ஜின் தன் இடத்தைவிட்டுச் சாய்ந்திருக்கும், லீவரிலிருந்து வரும் கம்பி கோணலாகத் தள்ளும், அவ்வளவுதான். பத்மினியின் ஸ்டீயரிங்கோடு இருக்கும் கியர் லீவருக்கும் இது பொருந்தும்.

பார்க்கிற முறை: கைபிரேக் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, பானெட்டைத் திறந்து வைக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தியபடி முதல் கியரில் கிளட்சை லேசாக, மிக லேசாக விட வேண்டும். பிறகு ரிவர்ஸில் அதேபோல. இன்ஜின் ஓரிரு விரல் எழுந்து படுத்தால் ரப்பர் போய்விட்டது. பார்க்கிறவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். காருக்கு முன்னால் நின்று எட்டிப் பார்க்கிற பழக்கம் நம் ஊரில் எல்லாருக்கும் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு லீவரைக் கொடுத்து மெதுவாக நெம்பியும் பார்க்கலாம். ரப்பருக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் ஒட்டு விட்டுப்போய்விட்டது. மேலாகத் தெரியும் மயிரிழை வெடிப்பு வேறு, அது வயசு. ஆழமான வெடிப்புதான் கவலை.

ரேஸுக்கு என்றால் கட்டாயம் ஸ்பெஷல் மவுண்டிங் வேண்டுமா? புது ஒரிஜினல் போட்டால் போதாதா?

முக்கால்வாசிப் பேருக்குப் போதும். 20 வருஷம் பழகிய ரப்பரோடு ஓட்டிவிட்டு, “ஒரிஜினல் ரப்பர் ரேஸுக்கு ஆகாது” என்று முடிவு கட்டுகிறார்கள். அவர்கள் ஒரிஜினலை ஓட்டிப் பார்க்கவே இல்லை, அதன் மிச்சத்தைத்தான் ஓட்டியிருக்கிறார்கள். முதலில் எல்லா மவுண்டிங்கையும் புதிதாகப் போடுங்கள். ஒரு நாள் டிராக்கில் ஓட்டுங்கள். அப்புறமும் இன்ஜின் ஆடுகிறது என்றால் அடுத்ததைப் பேசலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எஸ்டீம் தயாரிப்பு நின்றது 2007-இல். பத்மினி அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது. கடை அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருக்கிற மவுண்டிங் பல வருஷப் பழசாக இருக்கலாம். ரப்பர் உபயோகிக்காமல் இருந்தாலும் காற்றிலேயே கெட்டியாகும், வெடிக்கும். வாங்கும்போது வளைத்துப் பாருங்கள், நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியவே இல்லை என்றால் வாங்காதீர்கள், பெட்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

சரி, இறுக்கமாக்கத்தான் வேண்டும் என்றால் எதிலிருந்து தொடங்குவது?

முறுக்கைப் பிடிக்கிற ஒன்றிலிருந்து மட்டும். முன்சக்கர டிரைவ் காரில் எடையைத் தாங்குகிற மவுண்டிங் வேறு, இன்ஜின் முன்னும் பின்னும் சாய்வதைத் தடுக்கிற மவுண்டிங் வேறு. பெரும்பாலும் பின்பக்கத்தில், கீழே இருக்கும். சில கார்களில் எலும்புத்துண்டு வடிவில் இரண்டு முனையிலும் புஷ் (ரப்பர் வளையம்) உள்ள டார்க் ராடாக இருக்கும். அதைக் கெட்டியாக்கினால் பலனில் பெரும்பங்கு வந்துவிடும், கேபினுக்குள் வருகிற அதிர்வு அவ்வளவாக அதிகமாகாது. எடை தாங்குகிற இரண்டையும் ஒரிஜினல் ரப்பரிலேயே விட்டுவிடலாம்.

நான் இந்த இடத்தோடு நிறுத்தச் சொல்கிற ஆள். காரைக்குடியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை சுமார் 400 கிலோமீட்டர். லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்; மற்றவர்கள் அதே காரில் போய், ஓட்டி, அதே காரில் திரும்புகிறவர்கள். அவர்கள் மவுண்டிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியது 3.7 கிலோமீட்டர் டிராக்கை மட்டும் மனத்தில் வைத்து அல்ல.

யூரித்தேன் புஷ் போடலாமா? 70, 80, 95 என்கிறார்களே, அது என்ன?

அது ஷோர் ஏ என்கிற கெட்டித்தன்மை அளவு. கம்பெனி ரப்பர் பெரும்பாலும் 45-லிருந்து 60-க்குள் இருக்கும். ரப்பர் மாதிரியே இருக்கும், ஆனால் அதைவிடக் கெட்டியான செயற்கைப் பொருளான யூரித்தேன் 70-இல் தொடங்கி 95 வரை கிடைக்கும். தெருவிலும் ஓட்டுகிற காருக்கு 70 அல்லது 75. 80-ஐத் தாண்டினால் டாஷ்போர்டு பேச ஆரம்பிக்கும். 95 என்பது தொட்டால் பிளாஸ்டிக் கட்டி மாதிரியே இருக்கும். அதை டிராக் காருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

யூரித்தேனுக்கு எண்ணெய் ஒன்றும் செய்யாது, அது பெரிய வசதி. ஆனால் வெப்பம் அதற்கு ஆகாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மவுண்டிங்குக்கு யூரித்தேன் போட்டால் நடுவில் ஒரு தகடு மறைப்பு வையுங்கள். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயிலில் பானெட்டுக்குக் கீழே எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

காலியிடம் உள்ள மவுண்டிங்கில் கண்ணாடி ஒட்டும் பசையை நிரப்பினால் போதும் என்கிறார்களே?

செய்யலாம். செலவு குறைவு, பலனும் உண்டு. முன் கண்ணாடி ஒட்டுகிற அந்தக் கறுப்புப் பசையும் ஒரு வகை யூரித்தேன்தான். ஆனால் அவசரப்படுகிறவர்களுக்கு உதவாது. அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். வெளியிலிருந்து உள்ளே, ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர், உள்ளே போகப் போக இன்னும் மெதுவாக. முழுப் பள்ளத்தையும் ஒரே மூச்சில் நிரப்பினால் மேலே தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே வாரக்கணக்கில் கொழகொழவென்றே இருக்கும். அதை அப்படியே மாட்டி ஓட்டினால் பிதுங்கி வெளியே வரும். அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கும் இறுகியபின் அடுத்ததை வையுங்கள்.

இரண்டு டப்பாவைக் கலந்து ஊற்றுகிற யூரித்தேன் இதற்கு நேர் எதிர். அது தானாகவே இறுகும், ஈரம்தான் அதன் எதிரி. ஈரம் பட்டால் உள்ளே வாயு உண்டாகிக் குமிழி குமிழியாகப் பொங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். கலவை விகிதத்தைக் கண்ணளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். முகமூடி, கையுறை, காற்றோட்டம் மூன்றும் அவசியம். அதன் ஒரு பாகத்தில் இருக்கிற ஐசோசயனேட் மூச்சுக்குழலைக் கெடுக்கும், ஒரு முறை ஒவ்வாமை வந்தால் அப்புறம் அதன் பக்கமே போக முடியாது.

எதை ஊற்றினாலும் முதலில் பழைய ரப்பரை நன்றாகக் கழுவி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, முரட்டுத்தாளால் தேய்த்திருக்க வேண்டும். கிழிந்த ரப்பரில் ஊற்றி ஒட்டவைக்கலாம் என்ற நினைப்பு வேண்டாம். நிரப்புவது நல்ல மவுண்டிங்கைக் கெட்டியாக்கத்தான், செத்ததை எழுப்ப அல்ல.

டயரை வெட்டிப் போட்டு ஐயா காலத்தில் ஓட்டினார்களே?

ஓட்டினார்கள். அழுத்தம் மட்டும் வருகிற இடத்தில் டயர்த்துண்டு தாங்கும், உள்ளே நூல் அடுக்கு இருப்பதால் நன்றாகவே தாங்கும். இழுவை வந்தால் அதற்குப் பிடிமானம் கிடையாது. ரேஸில் வருவது பெரும்பாலும் இழுவைதான். வேண்டாம்.

ரப்பரே இல்லாமல் அலுமினியத்தில் லேத்தில் கடைந்து சாலிடாகப் போட்டுவிட்டால்?

காரைக்குடி லேத் பட்டறைகளில் அரை நாளில் கடைந்து கொடுத்துவிடுவார்கள், அழகாகவும் இருக்கும். அதுதான் ஆபத்து. சுலபமாகக் கிடைப்பதால் பலர் முதலிலேயே இதற்குத் தாவுகிறார்கள்.

நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு இயல்பிலேயே ஒரு அதிர்வு உண்டு, கிராங்க் சுற்றும் வேகத்தைப் போல இரண்டு மடங்கில். 6,000 ஆர்பிஎம்மில் அது வினாடிக்கு 200 முறை. ரப்பர் இருந்தால் அது அங்கேயே அடங்கும். இல்லையென்றால் நேரே பாடிக்குள் போகும். பழைய பாடியில் ஸ்பாட் வெல்டு விடும், பேட்டரித் தட்டு கழலும், ஆல்டர்னேட்டர் பிராக்கெட் வெடிக்கும், ஹெட்லைட் பல்பின் இழை அறும். கார்புரேட்டர் வண்டியில் மிதவை அறைக்குள் பெட்ரோல் நுரைத்து, மேலே ஆர்பிஎம் போகும்போது இன்ஜின் விக்கும். அதைப் பார்த்து, பெட்ரோல் அளவில்தான் கோளாறு என்று நினைத்து, கார்புரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு துளையை) மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இன்னொன்று: ஒரே ஒரு மவுண்டிங்கை மட்டும் சாலிடாக்கி மற்றதை மெத்தென்று விட்டுவைப்பது. எல்லாச் சுமையும் அந்த ஒன்றின் மீதே போய் விழும். மவுண்டிங் உடையாது, கியர்பாக்ஸ் கூட்டில் அதை மாட்டுகிற காது உடையும். அலுமினியக் கூடு உடைந்தால் அதை வெல்டு செய்து நேராக்குவது பெரும்பாடு. பின்சக்கர டிரைவ் காரில் முன்னால் இரண்டும் கெட்டியாக இருந்தாலும் கியர்பாக்ஸ் வால்பக்க ரப்பரைக் கொஞ்சம் இளக்கமாகவே விடுங்கள். பாடி முறுகும்போது நெகிழ ஓர் இடம் வேண்டும்.

உள்ளே பாதுகாப்புக்கு முழு இரும்புக் கூண்டு வெல்டு செய்து, தெருவையே பார்க்காத கார் என்றால் சாலிட் நியாயம்தான். மற்றவர்களுக்கு நான் கடைந்து கொடுப்பதில்லை.

பத்மினி, அம்பாசடரில் எந்தப் பக்க மவுண்டிங் முதலில் போகும்?

இடது பக்கம். முன்னால் நின்று பார்த்தால் கிராங்க் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுகிறது. அதற்கு எதிர்த்திசையில் இன்ஜின் புரளப் பார்க்கும். ஆகவே ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது காரின் இடது பக்கம் மேலே எழும், வலது பக்கம் அமுங்கும். வலது ரப்பர் நசுங்கினாலும் இடத்தில் இருக்கும். இடது ரப்பர் இழுபட்டு ஒரு நாள் பிய்ந்துவிடும்.

பிய்ந்தால் வெறும் சத்தத்தோடு போகாது. அமெரிக்காவில் 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 66 லட்சத்துக்கும் மேற்பட்ட ஷெவர்லே கார்களைத் திரும்ப அழைத்தது இந்தக் காரணத்துக்காகத்தான். மவுண்டிங் பிய்ந்து இன்ஜின் எழும்பி, ஆக்சிலரேட்டர் இணைப்பு இழுபட்டு, திராட்டில் மூடாமல் நின்றுவிடலாம் என்பது பயம். அவர்கள் செய்த பரிகாரம், இன்ஜின் ஓர் அளவுக்கு மேல் எழாதபடி ஒரு கம்பிவடம் கட்டியது.

அதையே நாமும் செய்யலாம். இடது பக்கத்தில் இன்ஜின் பிளாக்கில் இருக்கும் உறுதியான போல்ட்டிலிருந்து சேஸிஸுக்கு ஒரு குட்டைச் சங்கிலியோ, இரு முனையிலும் ரப்பர் புஷ் உள்ள கம்பியோ கொடுங்கள். சாதாரணமாக ஓடும்போது அது தளர்வாக இருக்க வேண்டும், இன்ஜின் எழும்போதுதான் இறுக வேண்டும். செலவு சொற்பம், அதிர்வு துளியும் அதிகமாகாது. சென்னைப் பக்கம் சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்து, அதில் ஃபியட் ஓடிய காலத்து வண்டிகளுக்கு இன்றைக்கும் நான் முதலில் சொல்கிற வேலை இதுதான். ரேடியேட்டருக்கு ஒட்டி ஃபேன் சுற்றுகிற கார்களில், பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது இன்ஜின் முன்னால் வந்து ஃபேன் ரேடியேட்டரைக் கீறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது ரப்பர் ஆறே மாதத்தில் உப்பிப் போய்விட்டதே?

மேலே எங்கிருந்து எண்ணெய் சொட்டுகிறது என்று பாருங்கள். வால்வு கவர் கேஸ்கெட், டிஸ்ட்ரிபியூட்டர் அடிவளையம், ஆயில் பிரஷர் சுவிட்ச், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். இயற்கை ரப்பருக்கு இன்ஜின் ஆயில் ஜென்மப் பகை. உறிஞ்சி உப்பும், பிறகு மாவாகும். மலாயாவில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த குடும்பங்கள் நிறைந்த ஊரில் இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. கசிவை அடைத்துவிட்டு ரப்பரை மாற்றுங்கள்.

போல்ட் எதைப் போடுவது? பழையதையே போடலாமா?

தலையில் 8.8 அல்லது 10.9 என்று பலத்தைக் குறிக்கும் எண் உள்ளதைப் போடுங்கள். எண்ணே இல்லாத போல்ட் கேட்டுக்கும் கட்டிலுக்கும். நைலான் வளையம் உள்ள நட்டுகள் எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டாம், சூட்டில் நைலான் பிடி விட்டுவிடும். அங்கே முழு இரும்பில் வருகிற லாக் நட்.

துருப்பிடிக்கக் கூடாது என்று போல்ட்டைக் கொண்டுபோய் நாக (ஜிங்க்) முலாம் போட்டு வருகிறார்கள் சிலர். 8.8-க்குச் சரி. 10.9, 12.9 மாதிரி கெட்டியான இரும்பில் முலாம் போடும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் போல்ட்டை நொறுங்கும்படி செய்துவிடும். முலாம் போட்ட கையோடு அடுப்பில் வைத்துப் பல மணி நேரம் சூடேற்றி அதை வெளியேற்ற வேண்டும், அதைத் தெருமுனை முலாம் பட்டறையில் யாரும் செய்வதில்லை. மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடமான செக்ரி 1953-லிருந்து இதே காரைக்குடியில்தான் இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் அந்தப் பட்டறைக்கும் போகிறோம்!

மாட்டும்போது கவனிக்க வேண்டியது?

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றாதீர்கள். ஜாக்கிக்கு மேல் ஒரு மரக்கட்டை வைத்து ஆயில் தொட்டியின் ஓரமாக இன்ஜினைத் தாங்கி, ஒன்றைக் கழற்றி மாட்டியபின் அடுத்ததுக்குப் போங்கள். எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றி, ஜாக்கியை இறக்கி, இன்ஜினைப் பிடித்து நான்கு தரம் ஆட்டி, அது தன் இடத்தில் உட்கார்ந்தபிறகு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். தூக்கி வைத்தபடியே இறுக்கினால் ரப்பர் பிறக்கும்போதே முறுகிப் பிறக்கும், சீக்கிரம் கிழியும், அதிர்வும் கூடும். கடைசியில் ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிவிடும்.

எர்த் வயரை மறக்காதீர்கள். ரப்பர் மின்சாரம் கடத்தாது, ஸ்டார்ட்டருக்குத் திரும்பும் பாதை அந்த ஒரு பட்டை வயர்தான். அதை மாட்டாமல் சாவியைத் திருப்பினால் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ கிளட்ச் கேபிள் வழியாகவோ திரும்பப் பார்க்கும். புகையும், உள்ளே கேபிள் ஒட்டிக்கொள்ளும்.

மாற்றியபிறகு ஐடிலிங்கில் கார் முழுக்க நடுங்குகிறது. திருப்பிப் போட்டுவிடவா?

கொஞ்சம் பொறுங்கள். நான்கு சிலிண்டர் 800 ஆர்பிஎம்மில் வினாடிக்கு சுமார் 27 முறை அடிக்கிறது. மூன்று சிலிண்டர் மாருதி 800 கார் 900 ஆர்பிஎம்மில் ஓடினாலும் 22 அல்லது 23 முறைதான். கெட்டியான மவுண்டிங்கின் இயல்பான ஆட்டம் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. ஐடிலிங்கை நூறு, நூற்றைம்பது ஏற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் சைலன்சர் குழாய் எங்கேயாவது பாடியில் உரசுகிறதா என்று பாருங்கள். இன்ஜின் முன்பு தொய்ந்து இருந்தபோது சரியாக இருந்த குழாய், இப்போது அது எழுந்தபிறகு இடிக்கும்.

போட்டி விதியில் இடம் உண்டா?

நீங்கள் ஓட்டப்போகிற வகுப்பின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள், பணம் செலவழிக்கும் முன்பே. ரப்பரின் பொருளை மட்டும் மாற்றலாம், மவுண்டிங்கின் எண்ணிக்கையும் இடமும் மாறக்கூடாது என்கிற வகுப்புகள் உண்டு. அங்கே கூடுதல் சங்கிலிக்கு அனுமதி வாங்க வேண்டியிருக்கும். சோதனை அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வாதாடுவதில் பயனில்லை.

வீட்டில் அப்பச்சி ‘ஒரிஜினலில் கை வைக்காதே’ என்கிறார். என்ன செய்வது?

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பத்மினியின் மவுண்டிங் பிராக்கெட்டுகள் இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் அவை வருவதில்லை. அதனால் ஒரிஜினல் பிராக்கெட்டை அறுக்கவோ, துளையைப் பெரிதாக்கவோ, வெல்டு வைக்கவோ வேண்டாம். அதை அளவெடுத்து 5 மில்லிமீட்டர் தகட்டில் நகல் செய்து, ரேஸுக்கு நகலை மாட்டுங்கள். ஒரிஜினலை எண்ணெய் தடவி, எந்தப் பக்கம், எந்த போல்ட் என்று எழுதிக் கட்டி அவரிடமே கொடுத்துவிடுங்கள்.